அமைதிப்படை ஏற்றிப்போன மூன்று பேர்

ஓடுகிறேன். மரச்சீனிக் கிழங்கு விளைக்குள் ஓடுகிறேன். இடுப்பில் பிள்ளை. இலைகள் முகத்தில் அடிக்கின்றன. பின்னால் சத்தம். டப். கொஞ்சம் இடைவெளி. டப், டப். முதலில் கேட்டது இது இல்லை. முதலில் கேட்டது விசில். நீளமான விசில். அதற்குப் பிறகு சங்கு. சங்கு ஊதி முடிவதற்குள் வெடி. விசில், சங்கு, வெடி. இந்த வரிசையை நான் மறக்க மாட்டேன். பின்னால் இதை மாற்றி எழுதினார்கள். அதற்கும் வருகிறேன்.

"மைனி, நிக்காதீங்கோ! வெடி வைக்கியானுவோ! பிள்ளைய எடுத்துட்டு ஓடுங்கோ!"

கத்தியது என் கொழுந்தன் சுயம்பு. அந்த வார்த்தை முடிந்ததும் அவன் விழுந்தான். நான் பார்க்கவில்லை. விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

வேலியோரத்தில் ஒரு போலீஸ்காரன் நிற்கிறான். மீசை சரியாக முளைக்காத முகம். துப்பாக்கி அவன் கையில். குழல் தரையைப் பார்த்திருக்கிறது. நான் நின்றுவிட்டேன். இதோ சுட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

"ஓடிக்கோ! குஞ்ஞினெ கொண்டு ஓடிக்கோ!"

மலையாளத்தில் கத்தினான். பிள்ளையைக் கொண்டு ஓடு என்றான். ஓடினேன். அந்த ஒருவனை மட்டும் நான் சபித்ததில்லை. அவனுடைய பாஷை மேலும் எனக்குக் கோபம் கிடையாது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

விளை முடிகிற இடத்தில் ஓடை. ஆடிச் சாரலில் தண்ணீர் முழங்கால் அளவு. இறங்கிக் குனிந்து உட்கார்ந்தேன். மகள் தங்கத்துக்கு அப்போது இரண்டு வயது. அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள். கடிக்கட்டும் என்று இருந்தேன். வெடிச் சத்தம் நின்றது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

என் வீட்டுக்காரர் எங்கள் கோயிலான தாங்கலின் முற்றத்தில் இருந்தார். நான் கடைசியாகப் பார்த்தபோது நின்றுகொண்டிருந்தார்.

என் பெயர் பொன்னம்மை. ஊர் பனங்காலவிளை. இரணியலிலிருந்து மேற்கே நடந்தால் வரும். நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். இதை நானே எழுதுகிறேன். யாரும் திருத்த வேண்டாம். வருடம் ஐம்பத்து நாலு. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, உச்சி நேரம்.

என் வீட்டுக்காரர் பெயர் தவசிலிங்கம். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் சொல்ல மாட்டார்கள். இப்போது எல்லா இடத்திலும் சத்தமாகச் சொல்கிறேன். நானும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? வாழைக்குலை வியாபாரம் செய்தார். விளைகளில் குலை வாங்கி, மாட்டு வண்டியில் தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோவார். பேச்சு குறைவு. சிரிப்பு அதிகம். பேரம் பேசத் தெரியாது, அதனால் நாங்கள் பணக்காரர் ஆகவில்லை.

அந்த வருடம் மலையாள ராஜ்ஜியத்தில் இருந்த எங்கள் தாலுக்காக்கள் தமிழ் ராஜ்ஜியத்தோடு சேர வேண்டும் என்று பெரிய கிளர்ச்சி நடந்தது. கடையடைப்பு. ஊர்வலம். சில இடங்களில் கல்லெறி. எங்கள் ஊரில் ஒரு கல் எறியவில்லை. உன் புருஷன் ஊர்வலத்துக்குப் போனானா என்று பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போனார். ஒரு தடவை. கோஷம் போட்டார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார், சுக்குத் தண்ணீர் கேட்டார். கோஷம் போட்டவனைச் சுடலாம் என்று சட்டம் இருந்தால் யாராவது கொண்டுவந்து காட்டட்டும்.

பிறகு படை வந்தது. அமைதியை நிலைநாட்ட வெளியிலிருந்து ஆயுதப்படை வருகிறது, யாரும் பயப்பட வேண்டாம் என்று தமுக்கடித்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்தார்கள். அமைதி முதலில் எங்கள் கோழிக்கூடுகளில்தான் ஏற்பட்டது. ஊரில் ஒரு சேவல் கூவவில்லை. அப்புறம் வாழைத்தோப்புகளில் ஏற்பட்டது. சும்மா ரோட்டில் போனவனை நிறுத்தி அடித்தார்கள். எந்த ஊர்ப் படை என்று கேட்டால் இன்னொரு அடி. நெஞ்சில் நம்பர் இல்லை. தொப்பியில் அடையாளம் இல்லை. பல இடங்களிலிருந்து ஆளெடுத்துச் சேர்த்து அனுப்பியது என்று மட்டும் பேச்சு. அவர்களுடைய தலைவனை ஏமான் என்று கூப்பிட்டோம். பெயர் கடைசிவரை தெரியவில்லை.

கிணற்றடிக்குப் பெண்கள் தனியாகப் போவதை நிறுத்தினோம். ஏன் என்று விரித்து எழுத மாட்டேன். ஒருத்திக்கு நடந்தது. அவள் பெயரை இங்கே வைக்க எனக்கு உரிமையில்லை. அவள் தைரியமாக மனு கொடுத்தாள். ஆளை அடையாளம் காட்டு என்றார்கள். காட்ட நின்ற அன்று அந்தப் பிரிவையே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். ஞானமுத்து வாத்தியார் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாத்தியார் மிஷன் சபையைச் சேர்ந்தவர். ஊரில் எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவோம். வழிபாட்டு இடங்களுக்கு விலக்கு உண்டு என்று அதில் இருந்தது.

"அப்போ ஒங்களுக்கும் பயமில்ல, எங்களுக்கும் பயமில்ல. ஞாயிறு நீங்க தாங்கலுக்குப் போங்கோ, நாங்க சர்ச்சுக்குப் போறோம்," என்றார்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம்.

நாங்கள் அய்யா வழி. எங்கள் தாங்கலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டுக்கூரை. சுண்ணாம்புச் சுவர். உள்ளே பள்ளியறை. அதில் ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. சிலை கிடையாது. கோபுரம் கிடையாது. கண்ணாடியில் உன்னைப் பார்த்துக் கும்பிடு, உனக்குள்தான் இறைவன் என்பது அய்யாவின் வாக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே போவார்கள். வெறுந்தலையோடு போகக்கூடாது.

இந்தத் தலைப்பாகை சும்மா வந்ததில்லை. எங்கள் முன்னோர்கள் தலையில் துணி கட்டக்கூடாது என்று இருந்த தேசம் இது. பெரியவர்களைக் கண்டால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். நீ ராஜா, கட்டு என்று அய்யா சொன்னார். கட்டினோம். கட்டியதை முற்றம் கடந்த பிறகுதான் அவிழ்ப்போம். முற்றத்துக்குள் அவிழ்ப்பது வழக்கமில்லை. ராஜா வந்தாலும் இல்லை, போலீஸ் வந்தாலும் இல்லை. வெளியூரிலிருந்து வெறுந்தலையோடு யாராவது வருவார்கள் என்று வாசல் பக்கம் ஒரு கொடியில் வெளுத்த துணிகள் தொங்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டுவோம். கட்டிக்கொண்டு உள்ளே வரலாம். அது எங்கள் மரியாதை.

ஞாயிறு. உச்சி நேர வழிபாடான உச்சிப்படிப்பு நடக்கிறது. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். நான் பின்வரிசை. தங்கம் என் மடியில். சமையல் கொட்டகையில் ராசம்மை அக்கா சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். படிப்பு முடிந்தால் எல்லாருக்கும் சோறு. பணிவிடை செய்யும் அருணாசலம் விளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார். சுயம்பு சங்கோடு மேற்கு மூலையில். படிப்பு முடிந்ததும் சங்கு ஊதுவது அவன் பொறுப்பு.

வண்டிச் சத்தம். பூட்ஸ் சத்தம். ஒரு குரல்.

"பிரிஞ்ஞு போடா எல்லாரும்!"

படிப்பு நிற்கவில்லை. பாதியில் நிறுத்துவதில்லை. ஏமான் முற்றத்துக்குள் வந்துவிட்டான். பூட்ஸோடு. அவன் உள்ளே எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. சிலையைத் தேடுகிறான். சாமியைத் தேடுகிறான். அவன் கண்ணுக்கு ஒரு கொட்டகை, ஒரு கண்ணாடி, வெறும் மேலோடு தலையில் துணி கட்டிய ஆண்கள். அவன் ஊரில் சண்டைக்குப் போகிறவன்தான் தலையில் துணி கட்டுவான் போலிருக்கிறது.

"தலேக்கெட்டு அழிக்கெடா!"

தலைப்பாகையை அவிழ் என்கிறான். ஒருவரும் அவிழ்க்கவில்லை. ஒரு கைகூட மேலே போகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பயமில்லை, பெருமையாக இருந்தது.

என் வீட்டுக்காரர் முன்னே போகிறார். கொடியிலிருந்து ஒரு துணியை எடுக்கிறார். உதறி மடிக்கிறார். இரண்டு கையாலும் ஏமானுக்கு நீட்டுகிறார். முகத்தில் அந்தச் சிரிப்பு.

"ஏமானே, இது கோயிலாக்கும். உள்ள வந்து பாருங்கோ. தொப்பிய மாத்திட்டு இத கெட்டிக்கிடுங்கோ."

இப்படி ஒரு காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். துப்பாக்கியோடு வந்தவனைத் தொப்பியைக் கழற்றித் தலைப்பாகை கட்டச் சொல்வது. பரிகாசம் இல்லை. விருந்தாளிக்குச் செய்வது. உள்ளே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் அவனுக்குப் புரிந்துவிடும் என்று அவர் முழுசாக நம்பினார். ஏமான் பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். ஏமானுடைய முகம் சிவந்தது. தன் ஆட்கள் முன்னால் தன்னை ஒரு குலை வியாபாரி கேலி செய்வதாக நினைத்தான்.

விசிலை வாயில் வைத்தான். ஊதினான். அதே நேரம் உள்ளே படிப்பு முடிந்தது. மூலையில் நின்ற சுயம்புக்கு முற்றத்தில் நடப்பது தெரியாது. வழக்கம்போலச் சங்கை எடுத்தான். ஊதினான்.

வெடி.

என் வீட்டுக்காரர் கையில் துணி அப்படியே இருந்தது. நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி உடைந்து கொட்டியது. சமையல் கொட்டகையில் பானை விழுந்தது. யாரோ என்னைத் தள்ளினார்கள். சுயம்பு கத்தினான். நான் ஓடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தேன். முற்றத்தில் யாருமில்லை. சாரல் மழை ரத்தத்தைக் கழுவிப் பாதி கொண்டுபோயிருந்தது. மிச்சம் மணலில் கறுத்துக் கிடந்தது. வடித்த சோறு சிதறிக் கிடந்தது. நாய்கூட அதைத் தொடவில்லை. விழுந்த மூன்று பேரையும் படை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அருணாசலம். ராசம்மை அக்கா. என் வீட்டுக்காரர். காலில் வெடி பட்ட சுயம்பையும் வேறு வண்டியில் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

உயிர் இருந்ததா என்று கேட்டேன். மற்ற இரண்டு பேருக்கும் இல்லை என்றார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டபோது கறுத்துக் கிடந்த மணலைக் காட்டினார்கள். புரிந்துகொண்டேன்.

எங்களில் இறந்தவரை எரிப்பதில்லை. சம்மணமிட்டு உட்காரவைத்து, முகத்தை வடக்குப் பார்க்க வைத்து, மண்ணுக்குள் வைப்போம். தர்மயுகம் பிறக்கிறபோது அப்படியே எழுந்து வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. நீங்கள் நம்ப வேண்டாம். எங்களுக்கு அது வேண்டும். சுட்டதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளைக் கொடு. உட்கார வைக்கிறோம். அன்றைக்கும் இன்றைக்கும் நான் கேட்பது இதுதான்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நானும் ராசம்மை அக்காவின் மகளும். வாசலில் துப்பாக்கியோடு ஒருவன்.

"இவிடெ ஒந்நும் இல்லா. போ!"

இங்கே ஒன்றும் இல்லை என்கிறான். என் வீட்டுக்காரர் அவனுக்கு ஒன்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்தேன். துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். எழுந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். இடி வாங்குவதும் தள்ளி உட்காருவதுமாக அன்று பொழுது போயிற்று. மறுநாளும் போனேன். ஒரு காலை வண்டிகள் வந்தன, படை சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"எங்க வச்சிருக்கியோ? சொல்லிட்டுப் போங்கோ!"

ஓட்டுநர் ஹாரன் அடித்தான். நீளமாக அடித்தான். இரண்டு பேர் இறங்கி என்னைத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள். படை போயிற்று. போன திசையை மட்டும் பார்த்துவைத்தேன்.

அப்புறம் தேடினேன். வண்டி கடற்கரைப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். கடற்கரைக்கு நடந்தேன். அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் புகை வந்ததாக இன்னொருவர் சொன்னார். அங்கேயும் நடந்தேன். தோட்டக்காரர் நல்ல மனுஷன். மண்வெட்டி கொடுத்தார், தானும் வெட்டினார். மண்ணில் எலும்பு தட்டுப்பட்டது. மண்ணைக் கையால் விலக்கினேன். மாட்டு எலும்பு. நான் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாட்டைக்கூட ஒருவன் குழி வெட்டிப் புதைத்திருக்கிறானே என்றுதான் அழுதேன்.

சுயம்பு லாக்கப்பில் கிடந்தான். கலகம் செய்தான் என்று கேஸ். கால் அழுகத் தொடங்கிய பிறகுதான் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளைச் சேலை கட்டிய மலையாளத்து நர்ஸ் ஒருத்தி அவனைத் தன் தம்பியைப்போலப் பார்த்துக்கொண்டாள். இதையும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

மனுவுக்கு மேல் மனு போட்டோம். வாத்தியார் கை ஓய எழுதினார். கடைசியில் விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரியை நியமித்தார்கள். அதிகாரிகள் வந்தால் தங்கும் முசாவரி பங்களாவில் உட்கார்ந்தார். எங்களுக்குச் சம்மன் வந்தது. வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

"பொன்னம்மே, நா சொல்லத கேளு. சாமி சிலை உண்டான்னு கேப்பாவ. உண்டுன்னு சொல்லு. தலைப்பா பேச்ச எடுக்காண்டாம். சுயம்பும் மத்தவியளும் அண்ணைக்கு ஒரு நா வெறுந்தலையோட வரட்டும். கேஸு ஜெயிக்கணும் பாத்துக்கோ."

நல்ல மனசோடு சொன்னார். அவர் சொன்னது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஆண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தலைப்பாகையோடு வந்தார்கள். சுயம்பு ஊன்றுகோலோடு வந்தான். அன்றைக்கு அவனுடைய தலைப்பாகைதான் எல்லாவற்றிலும் பெரிது.

என்னைக் கூப்பிட்டார்கள். புருஷன் பெயர் என்றார்கள். தவசிலிங்கம் என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கே சிலை இருந்ததா?"

"இல்ல. கண்ணாடி இருந்துது."

"கோபுரம்?"

"இல்ல."

"உன் புருஷன் தலையில் துணி கட்டியிருந்தானா?"

"கெட்டியிருந்தாரு."

"அதிகாரி அவிழ்க்கச் சொன்ன பிறகும்?"

"சொன்ன பெறவும் கெட்டியிருந்தாரு. முற்றம் கடக்காம அவுக்க மாட்டாவ."

குமாஸ்தா வேகமாக எழுதினார். என் பதில்கள் எங்கே போய் விழுகின்றன என்று எனக்குத் தெரிந்தது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இன்று கேட்டாலும் பதில் அதுதான். கண்ணாடியைச் சிலை என்று சொல்லி நான் யாரை ஏமாற்றுவது? கண்ணாடி முன்னால் நிற்கிறபோது என் மூஞ்சிதானே தெரியும்?

பிறகு நான் கேட்டேன். அவரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன். நீ சாட்சி, கேள்வி கேட்க உனக்கு உரிமையில்லை என்றார் அதிகாரி. ஏமானைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவர் இப்போது இந்த அதிகாரத்தின் கீழ் இல்லை, அவரை வரச்சொல்ல முடியாது என்றார். சுட்டவனை வரச்சொல்ல முடியாது. சுடப்பட்டவன் பெண்டாட்டிக்கு மட்டும் சம்மன் வரும்.

வெளியே வராந்தாவில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். வேட்டி கட்டிய ஆள். நல்ல தமிழ். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை.

"நாளைக்கு இன்னொரு வாக்கு சேத்துச் சொல்லு. ஒன் ஆளு ஏமான் மேல பாஞ்சாரு, அதனாலதான் வெடின்னு. அம்புட்டுதான். எடத்த நான் காட்டித் தாரேன். எரிக்கல்ல, பொதைச்சிருக்கு. நீ எடுத்து ஒங்க வழக்கப்படி செய்."

எரிக்கவில்லை. அந்த ஒரு சொல் போதும் என்று இருந்தது எனக்கு. அவர் எங்கோ மண்ணுக்குள் முழுசாக இருக்கிறார். போய் எடுக்கலாம். உட்கார வைக்கலாம். இவன் பொய் சொல்கிறானோ என்றும் தோன்றியது. ஆனால் இவன் சொல்வது மெய்யாக இருக்க வேண்டும் என்று அய்யாவை வேண்டினேன்.

வீட்டுக்கு வந்து சுயம்பிடம் சொன்னேன். அவன் வெட்டுப்பட்ட காலைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"மைனி, சொல்லிருங்கோ. ஊருக்குத் தெரியும் அண்ணன் பாயல்லண்ணு. காயிதத்துல என்ன எளவும் எழுதட்டும். அண்ணன் நம்ம மண்ணுல வந்து இருந்தாப் போதும்."

அவன் அழுதான். நானும் அழுதேன். அவனுக்கு இருந்த ஆசை எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்தத் துணியை நீட்டிய கை என் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார். மரியாதை செய்தவரைப் பாய்ந்தவர் என்று நானே சொன்னால், சுட்டவன் ஒரு தடவை கொன்றதை நான் இன்னொரு தடவை செய்கிறேன்.

"மக்கா, அந்தப் பொய்யச் சொல்லி வாங்கிட்டு வந்து, அவிய மொகத்த எப்பிடி வடக்க திருப்பி வைப்பேன்? என்னால முடியாதுடே."

மறுநாள் அந்த ஆள் வராந்தாவில் காத்திருந்தார். எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னேன்.

"ஒமக்க எடம் எனக்கு வேண்டாம்! எனக்க வீட்டுக்காரரு பாயல்ல! துணி நீட்டுனாரு!"

அவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பிறகு அவரை நான் எங்கேயும் பார்க்கவில்லை. சில நாள் காலையில், அந்தப் பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். கஞ்சி கொதிப்பதற்குள் அந்த எண்ணம் போய்விடும்.

முடிவு பத்திரிகையில் வந்தது. வாத்தியார் வாசித்தார். அதில் இருந்தது இதுதான். தடையை மீறி ஒரு கொட்டகையில் கூட்டம் கூடியது. சண்டைக்கு அடையாளமாக எல்லாரும் தலையில் துணி கட்டியிருந்தார்கள். தாக்குவதற்குச் சங்கு ஊதப்பட்டது. ஒருவன் கையில் துணியோடு அதிகாரியின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். விசில் ஊதி எச்சரித்த பிறகே படை சுட்டது. படை மிகுந்த பொறுமையோடு நடந்துகொண்டது.

சங்கு, விசில், வெடி. பார்த்தீர்களா, வரிசையை மாற்றிவிட்டார்கள். ஒரு சங்கை எடுத்து முன்னால் வைத்தால் போதும், வழிபாடு கலகமாகிவிடும். மூன்று உடல்கள் எங்கே என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏமானுக்கு மேல் பதவி கிடைத்ததாகக் கேள்வி. எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் தாலுக்காக்கள் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் கொடி. வெடி வெடித்தார்கள். தங்கம் அந்தச் சத்தத்துக்கு என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். நானும் விளக்கேற்றினேன். அவர் கோஷம் போட்டுக் கேட்டது கிடைத்ததே என்று சந்தோஷம்தான். இனி நம் ராஜ்ஜியம், நம் பாஷை, கேட்டால் பதில் வரும் என்று நம்பினேன்.

புதிய ராஜ்ஜியத்தின் ஆபீஸ் ஒன்றுக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தமிழில் பேசினார்கள். அது பழைய ராஜ்ஜியத்துப் படையம்மா, நாங்கள் விசாரிக்க முடியாது என்றார்கள். பழைய ராஜ்ஜியத்தின் தலைநகரத்துக்குப் பஸ் ஏறினேன். நீங்கள் இப்போது வேறு ராஜ்ஜியம், உங்கள் ஊரிலேயே கேளுங்கள் என்றார்கள். படைக்கு ஆள் அனுப்பியவர்களிடம் கேட்கலாமா என்றேன். அந்தப் படையைக் கலைத்தாயிற்று, ஆட்கள் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அமைதி காக்க வந்தபோது எல்லா இடத்திலிருந்தும் வந்தார்கள். கணக்குக் கேட்டால் எந்த இடத்திலும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, அந்தப் பக்கம் ஒரு மேஜை. என் வீட்டுக்காரர் இரண்டு மேஜைக்கும் நடுவே எங்கோ மண்ணுக்குள் கிடக்கிறார்.

கட்சிக்காரர் ஒருவர் மாலையோடு வந்தார். என் வீட்டுக்காரரைத் தியாகி என்றார். பெயரைக் கல்லில் வெட்டுகிறோம், இனி பழசைக் கிளறாதே தாயி, ஜெயித்துவிட்டோமே என்றார். போட்டோ கேட்டார். நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்லு வெட்டுங்கோ, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா கல்லுக்கு அடியில ஆளு வேணும். மொதல்ல அத கண்டுபிடிச்சுத் தாங்கோ," என்றேன்.

வருகிறேன் என்று போனார். வரவில்லை. கல்லும் வரவில்லை.

நான் விடவில்லை. மனு எழுத இப்போது வாத்தியார் வேண்டாம், நானே எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருக்கும். இருக்கட்டும், கேள்வி புரியும். இந்தப் பைத்தியக்காரி மறுபடி வந்துவிட்டாள் என்று ஆபீஸ் வாசலில் சொல்வது என் காதில் விழுகிறது. விழட்டும். பதில் சொல்லிவிட்டால் ஏன் வரப்போகிறேன்?

பனங்காலவிளையில் நாங்கள் இழந்ததை எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருணாசலம். விளக்குக்குப் பக்கத்தில் நின்றவர். ராசம்மை. ஊருக்குச் சோறு வடித்தவள், அன்றைக்குச் சாப்பிடாதவள். தவசிலிங்கம். என் வீட்டுக்காரர், தங்கத்தின் அப்பா. சுயம்பின் வலது கால். பள்ளியறைக் கண்ணாடி. கிணற்றடியில் ஒருத்தியின் தூக்கம், அது இன்னும் திரும்பி வரவில்லை. ஊர்க் கோழிகள் எல்லாம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள். சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் என்று எங்களுக்கு இருந்த எண்ணம்.

தண்டனை பெற்றவர், ஒருவரும் இல்லை. மன்னிப்புக் கேட்டவர், ஒருவரும் இல்லை. ஏமானின் பெயர், தெரியாது.

இறந்தவர் மூன்று பேர். எங்கள் மண்ணில் குழி ஒன்றுகூட இல்லை. இடத்தைச் சொல்லுங்கள். தோண்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.